ஜப்பானியப் பேரரசின் எழுச்சியும் மாத்தளை மாவட்டமும்

1853இல் அமெரிக்கப் போர்க்கப்பல்கள் எடோ விரிகுடாவுக்குள் நுழைந்தன. அதிலிருந்து 1945 ஆகஸ்டில் ஜப்பான் சரணடைந்தது வரை ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு. அந்தக் காலத்தில் ஜப்பான் மூடிய கதவுக்குள் இருந்த விவசாய நாடு என்ற நிலையிலிருந்து ஆசியாவின் முதல் தொழில் வல்லரசாகவும், பின்னர் அண்டை நாடுகளை விழுங்கிய பேரரசாகவும் மாறியது. ஜப்பானியப் படை இலங்கையில் தரையிறங்கவேயில்லை. ஆயினும் அந்தப் பேரரசின் விரிவு அரிசியாகவும் இறப்பராகவும் விமான ஓடுபாதையாகவும் இலங்கையின் நடுவிலுள்ள மாத்தளை மாவட்டம்வரை எட்டியது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் இவ்விரு இடங்களும் மேலைநாட்டு வல்லமையை எதிர்கொண்டன. அவை அதனை எதிர்கொண்ட விதமோ முற்றிலும் வேறு.

கதவு திறந்த காலம்

17ஆம் நூற்றாண்டின் முற்பாதி தொட்டு ஜப்பானை ஆண்ட தொக்குகாவா ஷோகுன்கள் என்ற படைத்தலைமை ஆட்சியாளர்கள் வெளிநாட்டுத் தொடர்பைக் கடுமையாகக் கட்டுப்படுத்தினர். ஐரோப்பியருள் ஒல்லாந்தருக்கு மட்டும், அதுவும் நாகசாகித் துறைமுகத்தில் மண்ணிட்டு உருவாக்கிய தெஜிமா என்ற சிறு தீவில், வணிகம் செய்ய இடம் இருந்தது. 1853 ஜூலையில் கொமடோர் மத்தியூ பெரி நான்கு கப்பல்களுடன் வந்து கதவைத் தட்டினார். மறு ஆண்டு கனகாவா உடன்படிக்கை கைச்சாத்தானது. 1858இல் வந்த வணிக உடன்படிக்கைகள் அதைவிடக் கடுமையானவை. ஜப்பான் தன் சுங்கவரியைத் தானே தீர்மானிக்கும் உரிமையை இழந்தது. குற்றம் செய்த வெளிநாட்டவரை ஜப்பானிய நீதிமன்றம் விசாரிக்கவும் முடியாமற் போயிற்று. ஜப்பானியர் மனத்தில் அரை நூற்றாண்டு உறுத்திய முள் இந்த உடன்படிக்கைகள்தான். பின்னாளில் அவர்கள் செய்த சீர்திருத்தங்களில் பாதி இதைப் பிடுங்கி எறிவதற்காகவே செய்யப்பட்டவை எனலாம்.

பெரி வருவதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்பு மாத்தளையில் ஒரு கிளர்ச்சி வெடித்தது. 1815இல் கண்டி இராச்சியம் பிரித்தானியர் கைக்குப் போனபின், 1840ஆம் ஆண்டின் முடிக்குரிய காணிச் சட்டம் உறுதி காட்ட முடியாத காணிகளை அரசுடைமையாக்கி, அவை கோப்பித் தோட்டக்காரர் கைக்குப் போக வழி செய்தது. 1848இல் ஆளுநர் டொரிங்டன் துப்பாக்கிக்கும் நாய்க்கும் கடைக்கும் வரி விதித்தார். வீதி வேலைக்கு ஆண்டில் ஆறு நாள் உழைக்க வேண்டும், அல்லது பணம் கட்ட வேண்டும் என்றும் உத்தரவு வந்தது. ஜூலை மாத இறுதியில் தம்புள்ளை விகாரையில் கொங்காலேகொட பண்டா அரசனாக முடிசூட்டப்பட்டார். கிளர்ச்சியாளர் மாத்தளைக்கு வந்து அரச கட்டடங்களைத் தாக்கினர். சில நாட்களில் படை வந்து அடக்கியது. கிளர்ச்சித் தலைவர்களுள் ஒருவரான புரன் அப்பு ஆகஸ்ட் 8ஆம் திகதி கண்டியில் சுட்டுக் கொல்லப்பட்டார்.

ஜப்பானில் எதிர்ப்பு அரசைக் கவிழ்த்தது. மாத்தளையில் எதிர்ப்பு நசுக்கப்பட்டது. சத்சுமா, சோஷு பிரதேசங்களின் இளம் சாமுராய்கள் ஷோகுன் ஆட்சியை வீழ்த்தி 1868 ஜனவரியில் பேரரசரின் பெயரில் புதிய அரசை நிறுவினர். பேரரசருக்கு அப்போது வயது 15. அவர் காலத்துக்குச் சூட்டப்பட்ட பெயர் மெய்ஜி. அந்நியரை விரட்டுவோம் என்று முழங்கி ஆட்சியைப் பிடித்தவர்கள், பிடித்தவுடன் அந்நியரின் பீரங்கியையும் பள்ளிக்கூடத்தையும் சட்டப் புத்தகத்தையும் வாங்கத் தொடங்கினர். வெளியிலிருந்து பார்ப்போருக்கு இது பல்டியாகத் தெரியும். ஆனால் பிரித்தானிய, பிரெஞ்சு, ஒல்லாந்த, அமெரிக்கப் போர்க்கப்பல்கள் 1863இலும் 1864இலும் சத்சுமாவையும் சோஷுவையும் குண்டால் தாக்கியதை நேரில் கண்டவர்கள் அவர்கள்.

நவீனமயம் நடந்த விதம்

1871இல் குறுநிலப் பிரபுக்களின் ஆட்சிப் பகுதிகள் ஒழிக்கப்பட்டு, மத்திய அரசின் கீழ் மாகாணங்கள் அமைக்கப்பட்டன. 1872இல் கட்டாயக் கல்வி ஆணை வந்தது. 1873இல் கட்டாய இராணுவச் சேவை வந்தது. வாள் தாங்குவதும் போரிடுவதும் சாமுராய்களுக்கு மட்டும் உரிய தொழில் என்ற நிலை அத்துடன் முடிந்தது. அதே ஆண்டு நிலவரி மாற்றப்பட்டது: விளைச்சலில் பங்கு என்பது போய், நிலத்தின் மதிப்பில் 3 வீதம் பணமாகக் கட்ட வேண்டும் என்றாயிற்று. மழை பொய்த்தாலும் வரி பொய்க்காது. விவசாயிகள் கொதித்தெழுந்ததால் 1877இல் அது 2.5 வீதமாகக் குறைந்தது. மெய்ஜி அரசின் தொடக்கக் கால வருமானத்தின் பெரும் பகுதி இந்த வரிதான். கப்பலும் தொழிற்சாலையும் தந்திக் கம்பியும் எங்கிருந்து வந்தன என்று கேட்டால், நெல் வயலிலிருந்து வந்தன என்பதே நேர்மையான விடை.

1871 இறுதியில் இவாக்குரா தொமோமி தலைமையில் புதிய அரசின் முக்கியஸ்தர்கள் அமெரிக்காவுக்கும் ஐரோப்பாவுக்கும் புறப்பட்டனர். ஆட்சிக்கு வந்து நான்கு ஆண்டுகூட நிறையாத அரசு, தன் தலைவர்களில் பாதிப் பேரை ஏறக்குறைய இரண்டு ஆண்டு வெளியே அனுப்பியது உலக வரலாற்றில் அரிது. கப்பல் கட்டும் தளங்கள், சிறைச்சாலைகள், பாராளுமன்றங்கள், ஆலைகள் என எதையும் விடாமல் பார்த்தார்கள். திரும்பும் வழியில், 1873இல், அவர்களின் கப்பல் காலியில் நின்றது. குழுவின் குறிப்பாளர் குமே குனிதகே எழுதி 1878இல் வெளியான பயணப் பதிவில் இலங்கையும் இடம்பெறுகிறது.

அந்த ஆண்டில் இலங்கைக்கு வந்த ஒரு ஜப்பானியர், இந்தத் தீவு தம் நாட்டைவிட முன்னேறியிருப்பதாக எண்ணியிருந்தாலும் வியப்பில்லை. கொழும்பிலிருந்து கண்டிக்கு 1867இலேயே இரயில் ஓடியது. ஜப்பானின் முதல் இரயில் பாதை டோக்கியோவின் ஷிம்பாஷிக்கும் யோக்கஹாமாவுக்கும் இடையே திறந்தது 1872இல்தான். 1880இல் இரயில் மாத்தளைக்கும் வந்தது. ஆனால் மாத்தளைக்கு வந்த பாதை கோப்பி மூட்டையைத் துறைமுகத்துக்கு ஏற்றிப் போகப் போட்ட பாதை. தோட்டம் பிரித்தானியருடையது, கணக்கு இலண்டனில். மன்னாரிலிருந்து தம்புள்ளை வழியாகக் காட்டுப்பாதையில் நடந்து வந்து, காலராவிலும் காய்ச்சலிலும் வழியிலேயே பலரைப் பறிகொடுத்து, மாத்தளையில் மலையேறிய தமிழகத் தொழிலாளருக்கு அந்த நவீனம் லயத்து அறையும் கங்காணியின் கடன் கணக்கும்தான். 1869இல் தொடங்கிய இலை நோயால் கோப்பி பின்னர் அழிந்தபோது, அடுத்தது தேயிலையா கொக்கோவா என்று தீர்மானித்ததும் தோட்ட முதலாளிகளே. மாத்தளை இலங்கையின் கொக்கோ மாவட்டமானது அப்படித்தான்.

ஜப்பானிலும் நவீனத்தின் சுமை ஏழையின் தோளில்தான் ஏறியது. 1872இல் பிரெஞ்சு இயந்திரங்களுடன் தொடங்கப்பட்ட தோமியோக்கா பட்டாலைக்குச் சாமுராய் குடும்பப் பெண்களை வரவழைத்தார்கள். பின்னாளில் பெருகிய தனியார் ஆலைகளில் வேலை செய்தவர்களோ வறிய கிராமங்களின் சிறுமிகள். பெற்றோர் வாங்கிய முன்பணம் கழியும்வரை அவர்கள் விடுதியை விட்டு வெளியேற முடியாது. கங்காணிமுறையை அறிந்தவர்களுக்கு இது புதிதல்ல. வேறுபாடு, பட்டு ஈட்டிய அந்நியச் செலாவணி ஜப்பானுக்குள்ளேயே தங்கிப் பஞ்சாலையாகவும் எஃகாலையாகவும் மாறியது என்பதில் இருக்கிறது.

1889இல் ஜெர்மானியச் சாயலில் அரசியலமைப்பு வந்தது. 1890இல் பாராளுமன்றம் கூடியது. படைகளின் தலைமை மட்டும் பேரரசரிடம் நேரடியாக இருந்தது. அமைச்சரவைக்கு அதில் கை வைக்க முடியாது. நாற்பது ஆண்டு கழித்துத் தளபதிகள் நாட்டை இழுத்துப் போனது இந்த ஓட்டை வழியாகத்தான்.

இலங்கையின் கண்ணில் ஜப்பான்

மெய்ஜி காலத்திலேயே இரு நாடுகளுக்கும் இடையே பௌத்தம் பாலமாக இருந்தது. ஷாக்கு சோயென் என்ற சென் துறவி 1887 முதல் 1889 வரை இலங்கையில் தங்கித் தேரவாதம் பயின்றார். 1889இல் பிரம்மஞான சபையின் கேர்ணல் ஒல்கொட்டுடன் இலங்கைப் பௌத்த மறுமலர்ச்சியாளர் அநகாரிக தர்மபால ஜப்பானுக்குச் சென்றார். மேலைநாட்டுக்கு அடிபணியாத பௌத்த நாடு ஒன்று இயந்திரத் தொழிலிலும் முன்னேற முடியும் என்பது அவருக்குப் பெரும் உந்துதல். இலங்கை இளைஞர் ஜப்பானுக்குப் போய்க் கைத்தொழில் கற்க வேண்டும் என்று அவர் விடாமல் பேசினார். 1905இல் சுஷிமா நீரிணையில் ரஷ்யக் கடற்படையை ஜப்பான் மூழ்கடித்ததும், யாழ்ப்பாணத்திலிருந்து சென்னைவரை படித்தவர்களிடையே அதே பெருமிதம் பரவியது. ஆசியர் ஐரோப்பியரை நவீனப் போரில் வென்றார்கள் என்ற செய்தியே போதுமாக இருந்தது. அந்தப் போர் கொரியாவையும் மஞ்சூரியாவையும் யார் வைத்துக்கொள்வது என்பதற்கானது என்பதைப் பெரும்பாலோர் கவனிக்கவில்லை.

சாதாரண மக்களிடம் ஜப்பான் வந்து சேர்ந்தது பொருள்களாக. டோக்கியோத் தெருவில் 1870 வாக்கில் பிறந்த ரிக்‌ஷா, அந்த நூற்றாண்டு முடியுமுன் கொழும்புக்கு வந்தது. அதை இழுத்தவர்கள் பெரும்பாலும் தமிழகத்திலிருந்து வந்த ஏழைகள். 1930களின் பொருளாதார மந்தத்தின்போது ஜப்பானியத் துணி லங்காஷயர் துணியைவிட மலிவாகக் கிடைத்தது. கூலி வெட்டப்பட்டிருந்த காலத்தில் ஏழைகளுக்கு அது பெரிய ஆறுதல். 1934இல் பிரித்தானியா தன் ஆலைகளைக் காப்பாற்ற ஜப்பானியத் துணி இறக்குமதிக்குப் பங்கீடு விதித்தது. இலங்கை அரசாங்க சபை அதற்கு உடன்படவில்லை. சபையை மீறி, மன்னரின் ஆணை மூலம் அது திணிக்கப்பட்டது. சர்வசன வாக்குரிமையால் தெரிவான சபைக்குத் துணி விலையில்கூட அதிகாரம் இல்லை என்பது அன்று வெளிச்சமாயிற்று.

பேரரசாக விரிதல்

ஜப்பானின் முதல் பெரிய வேட்டை கொரியா. அதன் பொருட்டு 1894இல் சீனாவுடன் போர் மூண்டது. 1895இன் ஷிமொனொசெக்கி உடன்படிக்கையால் தாய்வானும் 20 கோடி தேல் வெள்ளி நட்டஈடும் கிடைத்தன. அந்த நட்டஈட்டின் ஒரு பகுதி 1901இல் இயங்கத் தொடங்கிய யவாத்தா எஃகாலைக்குப் போனது. ஒரு போரின் வருமானம் அடுத்த போருக்கான இரும்பை உருக்கியது. 1899இல் வெளிநாட்டவரின் தனி நீதிமன்ற உரிமை நீங்கியது. 1911இல் சுங்கவரி உரிமை முழுதாய்த் திரும்பியது. 1910இலேயே கொரியா முற்றாக இணைக்கப்பட்டிருந்தது. தன்மீது சுமத்தப்பட்ட சமனற்ற உடன்படிக்கையை ஜப்பான் 1876இலேயே கொரியாமீது சுமத்திப் பழகியிருந்தது.

1902 முதல் ஜப்பான் பிரித்தானியாவின் கூட்டாளி. 1914இல் ஜெர்மானியப் போர்க்கப்பல் எம்டன் சென்னையைச் சுட்டுவிட்டு இந்துப் பெருங்கடலில் திரிந்தபோது, கொழும்பு நோக்கி வந்த அவுஸ்திரேலிய, நியூசிலாந்துப் படைக் கப்பல்களுக்கு இபுக்கி என்ற ஜப்பானியப் போர்க்கப்பலும் காவல் வந்தது. அன்று இலங்கைக்குக் காவலாக வந்த கடற்படை 28 ஆண்டு கழித்து அதே கொழும்பைக் குண்டால் தாக்கியது.

1929இன் மந்தம் பட்டு விலையைச் சரித்தது. கிராமங்கள் பட்டினியில் விழுந்தன. மூலப்பொருளும் நிலமும் வெளியில் இருக்கின்றன என்று இராணுவத்தினர் பேசினர். 1931 செப்டம்பரில் ஜப்பானின் குவாண்டுங் படை டோக்கியோவைக் கேளாமலே மஞ்சூரியாவைப் பிடிக்கத் தொடங்கியது. 1937இல் சீனா முழுவதன்மீதும் போர். 1941இல் அமெரிக்கா எண்ணெயை நிறுத்தியது. டிசம்பரில் ஜப்பான் பேர்ள் துறைமுகத்தையும் மலாயாவையும் ஒருசேரத் தாக்கியது. 1942 பெப்ரவரி 15ஆம் திகதி சிங்கப்பூர் வீழ்ந்தது. மார்ச் 8இல் ரங்கூன், அதே மாத இறுதிக்குள் அந்தமான்.

ஆசியா ஆசியருக்கே என்பது ஜப்பானின் முழக்கம். மலாயாத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டு போகப்பட்ட தமிழருக்கு அதன் பொருள் வேறாக இருந்தது. 415 கிலோமீட்டர் நீளமான அந்தப் பாதையில் ஆயிரக்கணக்கான தமிழர் பசியாலும் காலராவாலும் மடிந்தனர். அவர்களும் மாத்தளைத் தோட்டத்தவர்களும் பெரும்பாலும் ஒரே மாவட்டங்களிலிருந்து கப்பலேறிப் போனவர்களின் வழி வந்தவர்கள்.

1942: மாத்தளையில் போர்

ஏப்ரல் 4ஆம் திகதி மாலை கொக்கலையிலிருந்து பறந்த கனேடியர் லெனாட் பர்ச்சால், இலங்கைக்குத் தெற்கே ஜப்பானியக் கப்பற்படையைக் கண்டு செய்தி அனுப்பிய நேரத்தில் சுட்டு வீழ்த்தப்பட்டார். மறுநாள் உயிர்த்த ஞாயிறு. அட்மிரல் நகுமோவின் ஐந்து விமானந்தாங்கிக் கப்பல்களிலிருந்து எழுந்த சுமார் 125 விமானங்கள் கொழும்பைத் தாக்கின. ஏப்ரல் 9இல் திருகோணமலை தாக்குண்டது. மட்டக்களப்புக்கு அப்பால் ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பல் மூழ்கியது. கொழும்பிலிருந்து மக்கள் மூட்டை முடிச்சுடன் உள்நாட்டுக்கு ஓடினர்.

கரையோர விமானத் தளங்கள் எதிரியின் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன. எனவே பிரித்தானிய விமானப்படை உள்நாட்டு வறள்வலயக் காட்டில் ஓடுபாதைகள் வெட்டியது. அவற்றில் ஒன்று மாத்தளை மாவட்டத்தின் வடக்கே, சீகிரியாக் குன்றுக்கு மேற்கே சில கிலோமீட்டர் தூரத்தில் 1942இல் அமைந்தது. திருகோணமலைத் துறைமுகம் அங்கிருந்து வான்வழியாக ஏறத்தாழ 85 கிலோமீட்டர். குன்றைச் சுற்றியிருந்த தட்டையான நிலமும், வானிலிருந்து வழி தவறாமல் காட்டும் அந்தப் பாறையும் விமானிகளுக்கு வாய்ப்பாக இருந்தன. அந்தத் தளம் இன்று இலங்கை விமானப்படையிடம் இருக்கிறது. 1944 ஏப்ரலில் மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியத் தலைமையகம் பேராதனைத் தாவரவியல் பூங்காவுக்கு வந்தது. பேராதனையையும் திருகோணமலைக் கடற்படைத் தளத்தையும் இணைத்த வீதி மாத்தளை, நாலந்தை, தம்புள்ளை வழியாகச் சென்றது.

மாவட்டத்தைப் போர் ஆழமாகத் தொட்டது ஓடுபாதையால் அல்ல, சாப்பாட்டால். இலங்கை உண்ட அரிசியின் பெரும்பங்கு கப்பலில் வந்தது, அதில் பெரும்பகுதி பர்மாவிலிருந்து. ரங்கூன் விழுந்ததும் அந்த வரத்து நின்றது. அரிசிக்குக் கூப்பன் வந்தது. கூட்டுறவுச் சங்கக் கடைகள் ஊருக்கு ஊர் முளைத்தன. அதுவரை தோட்டத்தில் அளந்து கொடுத்த அரிசி குறைந்து, கோதுமை மாவும் சிறுதானியமும் அந்த இடத்தைப் பிடித்தன. காலைப் பெரட்டுக்கு (வேலைக்கு ஆள் பிரிக்கும் கூட்டத்துக்கு) போகும் தொழிலாளியின் கையில் ரொட்டி நிலைத்தது இந்த ஆண்டுகளில்தான். போர் முடிந்தபின்னும் அது போகவில்லை.

அடுத்தது இறப்பர். 1876இல் பிரேசில் விதையிலிருந்து முளைத்த கன்றுகள் ஹெனரத்கொடையில் நடப்பட்டதிலிருந்து இலங்கையில் பரவிய இந்தப் பயிர், மாத்தளையின் தாழ்ந்த சரிவுகளிலும் ஊன்றியிருந்தது. மலாயாவும் ஒல்லாந்தக் கிழக்கிந்தியத் தீவுகளும் ஜப்பானிடம் போனதால் நேச நாடுகள் இயற்கை இறப்பரில் பத்தில் ஒன்பது பங்கை இழந்தன. எஞ்சியவற்றுள் இலங்கையே முதன்மை. ஆண்டுக்குச் சுமார் 1 லட்சம் தொன் எடுக்கப்பட்டது. வழக்கமாகப் பால் வெட்டுவோர் மரத்தின் ஒரு பக்கத்தில், ஆழம் தவறாமல், ஒரு மெல்லிய சீவலாகப் பட்டையைச் சீவுவார்கள். ஆழம் மீறினால் மரம் புண்படும், மறுபட்டை ஒழுங்காய் வளராது. போர்க்காலத்தில் முதிய மரங்களில் இந்தக் கட்டுப்பாடு தளர்ந்தது. பட்டுப்போனாலும் பரவாயில்லை என்று ஒரே மரத்தில் பல இடங்களில் வெட்டினார்கள். போர் முடிந்தபோது பல தோட்டங்களில் பால் வற்றிய மரங்களே நின்றன. விலையும் பிரித்தானிய அரசு கட்டிய விலை. ஆகவே உயர்ந்த தேவைக்கு ஈடான இலாபம் இங்கே தங்கவில்லை.

மலேரியாவின் கதை இன்னொரு திசையில் போயிற்று. ஜாவா ஜப்பானிடம் விழுந்ததும் மலேரியாவுக்குக் கொடுக்கும் கொயினாவின் உலக வரத்தில் பெரும்பகுதி நின்றது. தம்புள்ளை, கலேவெலை போன்ற வறள்வலய ஊர்களுக்கு அது உயிர்ப் பிரச்சினை. மறுபக்கம், போர்க்களத்துக்காக மலிவாகப் பெருக்கிய, நுளம்பைக் கொல்லும் டி.டி.ரி. மருந்து போர் முடிந்ததும் இலங்கையில் வீடு வீடாகத் தெளிக்கப்பட்டது. 1946இல் ஆயிரம் பேருக்கு 20 ஆக இருந்த நாட்டின் இறப்பு வீதம் 1947இல் 14 ஆகச் சரிந்தது. அந்தச் சரிவில் மருந்துக்கு எவ்வளவு பங்கு, உணவுக்கும் மருத்துவமனைக்கும் எவ்வளவு என்று ஆய்வாளர் இன்றும் வாதிடுகின்றனர்.

அரசியலிலும் அலை எழுந்தது. 1942 ஏப்ரல் குழப்பத்தில் என். எம். பெரேரா, கொல்வின் ஆர். டி சில்வா உள்ளிட்ட இடதுசாரி லங்கா சமசமாஜக் கட்சித் தலைவர்கள் கண்டிச் சிறையிலிருந்து தப்பினர். மே மாதம் கொக்கோஸ் தீவில் இலங்கைப் பீரங்கிப் படையினர் சிலர் பிரித்தானிய அதிகாரிகளுக்கு எதிராகக் கலகம் செய்தனர்; அவர்களில் மூவர் தூக்கிலிடப்பட்டனர்.

வீழ்ச்சியும் பின்னும்

கொழும்பைத் தாக்கிய ஐந்து கப்பல்களில் அக்காகி, சோர்யு, ஹிர்யு ஆகிய மூன்றும் இரண்டு மாதம் கழித்து, 1942 ஜூனில், மிட்வேயில் மூழ்கின. அதன்பின் இலங்கைக்கு அவ்வளவு பெரிய ஆபத்து வரவில்லை. 1944இல் இம்பால், கொகிமாவில் ஜப்பானியத் தரைப்படை முறிந்தது. ஹிரோஷிமா, நாகசாகிமீது அணுகுண்டு விழுந்தபின் 1945 ஆகஸ்ட் 15ஆம் திகதி பேரரசர் ஹிரோஹிட்டோ சரணை அறிவித்தார். தாய்வானும் கொரியாவும் மஞ்சூரியாவும் கைநழுவின.

போர்க்காலத்தில் இறப்பர்ப் பால் வெட்டிய தோட்டத் தமிழரில் மிகப் பெரும்பாலோர் 1948இன் குடியுரிமைச் சட்டத்தால் நாடற்றோராயினர். 1951 செப்டம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் சமாதான மாநாடு கூடியபோது, இலங்கைப் பிரதிநிதி ஜே. ஆர். ஜயவர்தன ஜப்பானிடம் நட்டஈடு கேட்பதில்லை என்று அறிவித்தார். 1952இல் இரு நாடுகளிடையே இராஜதந்திர உறவு தொடங்கியது. அதே ஆண்டு இறுதியில் இலங்கை சீனாவுடன் இறப்பர்–அரிசி உடன்படிக்கை செய்தது: ஆண்டுக்கு 2,70,000 தொன் அரிசிக்கு 50,000 தொன் இறப்பர், ஐந்தாண்டுக்கு.

ஜப்பான் பின்னர் கடனும் உதவியும் தரும் நாடாக இலங்கைக்குத் திரும்பியது. மாத்தளை மாவட்டத்தில் அதன் கண்ணுக்குத் தெரியும் அடையாளம் 2009இல் திறக்கப்பட்ட சீகிரியா அரும்பொருட்காட்சியகம். ஜப்பானிய நிதியில் எழுந்த அந்தக் கட்டடம், அதே ஜப்பானை எதிர்க்க வெட்டிய ஓடுபாதையிலிருந்து சில நிமிடப் பயணத்தில் இருக்கிறது.